அவளுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது?

எழுதாமல் கடந்துபோகலாம் என்றுதான் இருந்தேன். நேற்றிரவு அந்த ஸ்கிரீன்ஷொட் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கே வந்து, "இது உங்கட கம்பஸ் ஆக்களா?" என்று சித்தப்பா கேட்ட பிறகு என்னால் முடியவில்லை.

எதைச் சொல்கிறேன் என்று இங்கே பலருக்குத் தெரியும். மூன்றே நாளில் "ஏற்றுக்கொண்டோம்" என்று ஈமெயில் அனுப்பிக் காசு கேட்கும் ஒரு போலி ஜேர்னலில் (ஆய்விதழில்), இலங்கையின் கிழக்கில் எங்கள் கம்பஸில் படித்த ஒரு பிள்ளை தன் கடைசி வருட ஆய்வைப் போட்டுவிட்டாள். அதன் முதல் பக்கத்தைப் படம் பிடித்து, ஆங்கிலப் பிழைகளுக்குச் சிவப்பு வட்டம் போட்டு, "கிழக்கின் ஆராய்ச்சித் தரம்" என்று படித்த மனிதர் ஒருவர் பதிவு போட்டார். பெயரை மறைத்திருந்தார். தலைப்பை மறைக்கவில்லை. தலைப்பைக் கூகுளில் போட்டால் அவள் பெயர்தான் முதலில் வருகிறது. சிரித்தவர்களில் விரிவுரையாளர்களும் இருந்தார்கள். எனக்குப் படிப்பித்த ஒருவரும் இருந்தார். அது எனக்கு வலித்தது.

எனக்கு இருப்பது ஒரே கேள்வி. ஆய்வுக் கட்டுரையை எப்படி எழுதுவது, எழுதியதை எங்கே அனுப்புவது என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

நாலு வருடத்தில் அவளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதுவேதான் கிடைத்தது. தீசிஸின் பக்க ஓரம் எவ்வளவு, அட்டை என்ன நிறம், எத்தனை பிரதி என்று வடிவாகச் சொன்னார்கள். அந்தப் பெரிய தீசிஸை நாலாயிரம் சொல்லுக்குள் கொண்டுவருவது எப்படி, எதை வெட்டுவது, எதை விடுவது என்று பக்கத்தில் இருந்து காட்ட ஆளில்லை. ஜேர்னலின் அறிவுறுத்தல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதத் தொடங்க வேண்டும், ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது, முடிவுகள் பகுதியில் சொன்னதையே கலந்துரையாடல் பகுதியில் திருப்பி ஒப்புவிக்கக் கூடாது. இதெல்லாம் பிறக்கும்போதே தெரிந்து வருவதா? யாராவது சொல்லித்தானே தெரியும்?

"வேர்க்‌ஷொப் வைத்தோமே" என்று வருவீர்கள். தெரியும். ஒரு பின்னேரம், பெரிய மண்டபம், நூறு ஸ்லைட், கடைசியில் சான்றிதழும் குழுப்படமும். வாவியில் வலை வீசுவதை மண்டபத்தில் படம் காட்டிப் பழக்க முடியுமா? எழுதுகிறவளின் பிரதியைக் கையில் எடுத்து, அவளோடு இருந்து, இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

எனக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். ஓய்வுபெற்றவர், மட்டக்களப்பில் கல்லடியில் இருந்தார். நான் எழுதிக்கொண்டு போனதை அவர் வாசிக்கவே இல்லை. "எழுத்த விடு புள்ள. படத்தையும் டேபிளையும் மட்டும் கொண்டுவா. மறுகா பாப்பம்" என்றார். மேசையில் அவற்றைப் பரப்பிவிட்டு, ஒவ்வொன்றையும் தொட்டு, "இது என்ன சொல்லுது?" என்று கேட்டார். தமிழில்தான் கேட்டார், நானும் தமிழில்தான் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி எழுதச் சொன்னார். ஒன்றுமே சொல்லாத இரண்டு படங்களை எடுத்து ஓரமாக வைத்தார். மிஞ்சிய வரிகளை ஒழுங்குபடுத்தியபோது என் முடிவுகள் பகுதி அங்கேயே முடிந்திருந்தது. அடுத்தது முறையியல்: உன்னைத் தெரியாத ஒருத்தர் இதை மட்டும் வாசித்துவிட்டு அதே வேலையைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும் என்றார். அதற்குப் பிறகு கலந்துரையாடல். உன் தரவால் சொல்ல முடியாதது எது என்பதை ரிவியூவர் (ஜேர்னலுக்காகக் கட்டுரையை மதிப்பிடுபவர்) கேட்கும் முன் நீயே எழுது என்றார். அறிமுகம் அதற்கும் பிறகு. சுருக்கம் எல்லாவற்றுக்கும் கடைசி. வாசிக்கிறவர் முதலில் பார்ப்பது எழுதுகிறவர் கடைசியாக எழுதுவது என்று எனக்கு அவர் வீட்டு விறாந்தையில்தான் தெரியவந்தது.

எனக்கு அந்த விறாந்தை கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை. எங்களுக்குள் வித்தியாசம் அவ்வளவுதான்.

என்னோடு படித்த ஒருத்திக்கும் கிடைக்கவில்லை. நல்ல ஜேர்னல் ஒன்றிலிருந்து அவளுக்கு "மேஜர் ரிவிஷன்" என்று பதில் வந்தது. இரண்டு ரிவியூவர்கள், நாலு பக்கக் குறை. நிராகரித்துவிட்டார்கள் என்று நினைத்து மூடி வைத்துவிட்டாள். திருத்தினால் பார்க்கிறோம் என்று கதவைத் திறந்து வைத்த கடிதம் அது. ஒவ்வொரு குறைக்கும் இலக்கம் போட்டு, ஏற்றதை எந்தப் பக்கத்தில் திருத்தினோம், ஏற்காததை ஏன் ஏற்கவில்லை என்று மரியாதையாக எழுதினால் போதும். யாரும் சொல்லவில்லை. இப்போது வேறு வேலையில் இருக்கிறாள். அந்தத் தரவு ஒரு பென்டிரைவில் கிடக்கிறது.

"கூகுளில் தேடிப் பார்த்திருக்கலாமே, பட்டதாரிதானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். எதைத் தேடுவது என்று தெரிந்தால்தானே தேடுவாள்? அந்த ஜேர்னலின் பக்கத்தில் இம்பெக்ட் பெக்டர் என்று, அதன் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்று சொல்லும் ஒரு இலக்கம் இருக்கிறது, ஆசிரியர் குழுவென்று படங்கள் இருக்கின்றன, ஸ்கோபஸ் என்ற சர்வதேச ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருக்கிறோம் என்று எழுதியும் இருக்கிறது. ஸ்கோபஸ் பற்றி ஜேர்னல் சொல்வதை நம்பாமல் ஸ்கோபஸின் சொந்தப் பட்டியலில் தேட வேண்டும், ஆசிரியர் என்று போட்டிருப்பவரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் அதே ஜேர்னலின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், யாரும் இலவசமாக வாசிக்கக்கூடிய திறந்த அணுக்க ஜேர்னல் என்றால், அப்படிப்பட்டவற்றைச் சரிபார்த்துப் பட்டியலிடும் டிஓஏஜே (DOAJ) பட்டியலில் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் யார்? நல்ல ஜேர்னலின் பெயரையே களவெடுத்துப் போலி இணையத்தளம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஏமாற்றுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களிடம் 24 வயதுப் பிள்ளை ஏமாந்தால் குற்றம் பிள்ளையிலா?

இன்னொன்றையும் சொல்கிறேன். 2013 இல் ஜோன் பொஹானன் என்ற பத்திரிகையாளர் சயன்ஸ் சஞ்சிகைக்காக ஒரு சோதனை செய்தார். வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்து எழுதிய ஒரு புற்றுநோய் மருந்துக் கட்டுரை, இல்லாத ஆய்வாளர், இல்லாத நிறுவனம். 304 திறந்த அணுக்க ஜேர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஜேர்னல்கள் ஏற்றுக்கொண்டன. அதில் உலகப் பெரும் பதிப்பகங்களின் ஜேர்னல்களும் இருந்தன. அவர்களுடைய தரத்துக்கு யார் சிவப்பு வட்டம் போட்டது? எந்தத் திசையின் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள்?

போலி ஜேர்னலில் போடுவது எல்லோருடைய பட்டத்துக்கும் கெடுதி என்பது சரி. மறுக்கவில்லை. அதற்கு மருந்து சொல்லிக்கொடுப்பது. விரிவுரையாளர்களுக்கு வேலைப்பளு, நேரமில்லை என்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. கொமண்டில் வந்து சிரிக்க நேரம் இருந்தது, நான் பார்த்தேன்.

அவளுடைய சுப்பவைசர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கட்டுரையில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. சிவப்பு வட்டம் போடப்பட்ட வரிகளுக்கு மூவரும் பொறுப்பு. சர்வதேச மருத்துவ ஜேர்னல் ஆசிரியர்கள் குழுவின் விதி ஒன்று இருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதிப் பிரதிக்குச் சம்மதம், முழு வேலைக்கும் பொறுப்பேற்பது. நாலும் இருந்தால்தான் கட்டுரையின் ஆசிரியர் என்று பெயர் போடலாம். நிதி பெற்றுக் கொடுத்ததோ மேற்பார்வை செய்ததோ மட்டும் போதாது. மருத்துவத்துக்கு வெளியேயும் பலர் இதைப் பின்பற்றுகிறார்கள். பெயர் போடும்போது மூன்று பேர், சிரிப்பு வாங்கும்போது ஒருத்தி மட்டுமா?

ஆங்கிலத்தை முதலில் படிக்கட்டும் என்கிறீர்கள். ஏ.எல். (உயர்தரம்) வரை தமிழில் படித்த பிள்ளை, கம்பஸ் வாசலில் கால் வைத்த நாளிலிருந்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்து முடித்திருக்கிறாள். அது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரிகிறதா? இலக்கணத்தைத் திருத்த ஆள் பிடிக்கலாம். சிந்தனையின் ஒழுங்கைத் திருத்த ஆள் பிடிக்க முடியாது, அதைப் பழக்கத்தான் வேண்டும், அதைத் தமிழிலேயே பழக்கலாம். இதே கிழக்கில், காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களில் தமிழ்நாட்டில் அறிவியல் கலைச்சொல் ஆக்கும் வேலைக்குத் தலைமை தாங்கினார். அந்த மண்ணில் இருந்துகொண்டு எங்கள் பிள்ளைகளுக்கு அறிவியல் எழுத வராது என்கிறீர்களே. மட்டக்களப்பு வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது, 1995 இல் தொடங்கிய இன்னொன்று பிறகு ஒலுவிலில் நிலைத்தது. போருக்கு நடுவே படித்துப் பட்டம் எடுத்த ஆக்கள் நாங்கள். கொழும்பில் படித்த என் நண்பர்களுக்கும் கட்டுரை எழுத ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அங்கே நடந்தால் அது ஒரு மாணவரின் பிழை. இங்கே நடந்தால் கிழக்கின் தரம்.

ஊர்ப்பாசத்தில் கத்துகிறேன் என்றால் ஆம், ஊர்ப்பாசம்தான். கட்டுரையை முழுதாக வாசித்தேன். சிரித்தவர்களில் எத்தனை பேர் வாசித்தீர்கள்? வாவிக் கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பற்றியது. கோடையிலும், மாரி மழை முடிந்த பிறகும், அதே கிணறுகளுக்குத் திரும்பிப் போய்த் தண்ணீர் எடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் பார்த்திருக்கிறாள். போத்தல்களை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு அலைந்திருப்பாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற வீடுகளுக்குத் தேவையான தரவு அது. போலி ஜேர்னலில் ஒருமுறை வந்துவிட்டதால் நல்ல ஜேர்னல் ஒன்று அதை இனி எடுப்பது கஷ்டம். அழ வேண்டிய இடம் இது, நீங்கள் சிரித்தீர்கள்.

கட்டுரை எழுதிவிட்டு எங்கே அனுப்புவது என்று தெரியாமல் இருப்பவர்கள், காசு கட்டு என்று ஈமெயில் வந்திருப்பவர்கள், ரிவியூவரின் கடிதத்தைத் திறக்கப் பயந்து வைத்திருப்பவர்கள் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள். ஓதர்எய்ட் (AuthorAID) என்று 2007 இலிருந்து ஒரு திட்டம் இருக்கிறது, வளர்முக நாட்டு ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிகளை இலவசமாகச் சேர்த்துவிடுவார்கள், அதில் பதியவும் உதவி செய்கிறேன். மட்டக்களப்புக்குள் என்றால் சனிக்கிழமை பின்னேரங்களில் நேரில் இருக்கலாம். முதலில் படங்களையும் டேபிள்களையும் கொண்டுவாருங்கள். காசு வேண்டாம். கட்டுரையில் என் பெயரும் போட வேண்டாம்.