"உன் கதையை எடு" என்று சொல்லும் வாத்தியார்களுக்கு

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் பிள்ளைகளிடம் "உன் சொந்தக் கதையைப் படமா எடு" என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. பாளையங்கோட்டைப் பக்கம் பட்டறைகளில் நானும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் உரிமையோடு திட்டலாம். சொன்னவுடன் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்றால், வாத்தியார் அழுகையைக் கேட்கிறார் என்று. அப்பா குடித்தது, அக்கா கல்யாணம் நின்றது, பள்ளிக்கூடத்தில் சாதியைச் சொல்லித் திட்டியது, இதில் எது பெரிய சோகம் என்று தேடி எடுத்து வருகிறார்கள். அப்படி எதுவும் இல்லாத பிள்ளை பாவம், "எங்க வீட்ல ஒண்ணுமே இல்ல சார்" என்று தலையைக் குனிகிறது. காயத்துக்குத் தக்க மார்க் போடும் ஆட்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

நான் கேட்பது வேறு. உன் வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள், அதைக் காட்டு.

மாரி செல்வராஜ் தன் சின்ன வயதிலிருந்து எடுத்த 'வாழை'யில் (2024) கடைசி விபத்தைத்தான் எல்லாரும் பேசினார்கள். அது நம்மை உலுக்குகிறது என்றால் அதற்கு முன்னால் வாழைத்தார் சுமந்த நடையும் கழுத்து வலியும் கூலித் தகராறும்தான் காரணம். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய 'கூழாங்கல்', புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டு நடந்தே வந்த தன் சகோதரியை வைத்து வினோத்ராஜ் யோசித்தது. ஆனால் படத்தில் அந்த நடையை ஆம்பிளைக்குக் கொடுத்துவிட்டார், வெயிலில் அவன் நடக்கட்டும் என்று. சொந்தக் கதையில் இப்படியும் ஒரு சுதந்திரம் இருக்கிறது, இதை யாரும் வகுப்பில் சொல்வதில்லை.

முக்கூடல் பக்கத்துப் பையன் ஒருவன், அம்மா பீடி சுற்றுகிறவர். அம்மாவின் கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக வாய்ஸ் ஓவர் எழுதி வந்தான். அதை ஓரமாக வைத்துவிட்டு, சுளகுக்கு எதிரே போனை வைத்து உட்காரு என்றேன். ஊறிய இலையை அளவு பார்த்து வெட்டி, தூளைப் பரப்பி, சுருட்டி, நுனியை மடக்கி, நூலைக் கட்டி என்று கை தன்பாட்டுக்கு ஓடுகிறது, கண் மட்டும் சீரியலில். சத்தம் மைக்கில் விழுகிறதே என்று இவன் டிவியை அணைத்திருக்கிறான். "ஏல, டிவியப் போடு, நாடகம் ஓடாம எனக்குக் கை ஓடாது." அந்த வசனமும் சீரியல் சத்தமும் அப்படியே படத்தில் இருக்கின்றன. வாய்ஸ் ஓவரில் ஒரு வரி கூட மிஞ்சவில்லை.

அப்புறம், படம் வெளியே போகும் முன் வீட்டில் போட்டுக் காட்ட வேண்டும், அவர்கள் வேண்டாம் என்றால் வெட்ட வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அந்த அம்மா ஒரே ஓர் இடத்தை எடுக்கச் சொன்னார்: சுற்றிய பீடியைக் கொடுக்கும் கடையில், சரியில்லை என்று கழித்துப் போடும்போது அவர் பேசாமல் நிற்கும் இடம். "நாளைக்கும் நாந்தாம்ல அந்தக் கடைக்குப் போணும்." பையன் கெஞ்சிப் பார்த்தான். நண்பர்கள் சிலர், அதுதானய்யா படத்தின் உயிர் என்று என்னிடம் சண்டைக்கே வந்தார்கள். உயிர்தான், யார் இல்லையென்றது? வெட்டியாச்சு. திரும்பச் சேர்க்கச் சொல்லி இன்பாக்ஸுக்கு வர வேண்டாம்.