ஜெர்சி மாட்டைத் திட்டுவதை நிறுத்துங்கள்

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஜெர்சி என்பது மாடே இல்லையாம், பன்றியின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கியதாம், அதன் பாலைக் குடித்துத்தான் சின்ன வயதிலேயே எல்லோருக்கும் சர்க்கரை வருகிறதாம். அதற்கு அடுத்த செய்தியிலேயே லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விலை போட்டு, கண்ணாடி பாட்டிலில் ‘சுத்தமான நாட்டு மாட்டுப் பால்’ என்று விளம்பரம். இதை நம்பி ஒரு வீட்டில் குழந்தைக்குப் பாக்கெட் பாலையே நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குக் கோபம் தாங்கவில்லை.

ஜெர்சி, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலில் இருக்கும் ஒரு குட்டித் தீவின் மாடு. வெளி மாடுகளைக் கொண்டுவரக் கூடாது என்று 1789-லேயே சட்டம் போட்டு, இனம் கலந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். பழுப்பு நிறம், குழிந்த முகம், பெரிய கண். மற்ற சீமை மாடுகளோடு நிறுத்திப் பார்த்தால் சின்ன உடம்பு, 400 கிலோ, மிஞ்சிப் போனால் 500. உடம்பு சின்னது என்பதால் தீனிச் செலவும் குறைவு, வெயிலையும் ஓரளவு தாங்கும், பாலில் கொழுப்பு 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

கறுப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாக இருக்கும் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) மாட்டின் கதை வேறு. நெதர்லாந்து, வட ஜெர்மனிக் குளிரில் வளர்ந்த இனம், 600 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். பால் அளவில் அதை அடிக்க உலகத்தில் வேறு கறவை இனம் கிடையாது, ஆனால் கொழுப்பு 3.5 சதவீதம் போலத்தான். நம் ஊர் வெயிலில் அது படும் பாட்டைப் பார்த்தால் மனசு கேட்காது. திருவள்ளூர் பக்கம் தெரிந்த அக்கா ஒருவரின் கொட்டகையில் மே மாத மத்தியானம் பார்த்தேன். எச்.எஃப். கலப்பு மாடு ஒன்று நாக்கு வெளியே தொங்க, எச்சில் நூலாக ஒழுக, விலா ஏறி இறங்க நின்றுகொண்டே மூச்சு வாங்கியது. அக்கா சாக்கை நனைத்து அதன் முதுகில் போட்டுவிட்டு, “சாயங்காலக் கறவை பாதிகூடத் தேறாது தம்பி” என்றார். பக்கத்து முளையில் கட்டியிருந்த ஜெர்சி கலப்பு மாடு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. இதனால்தான் தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு, நீலகிரி மாதிரி மலைப் பகுதிக்கு எச்.எஃப். கலப்பு என்று வைத்திருக்கிறார்கள். அதிலும் சீமை ரத்தம் பாதியை ரொம்பத் தாண்டினால் வெயிலும் உண்ணியால் வரும் காய்ச்சலும் மாட்டைப் படுக்க வைத்துவிடும்.

சரி, நாட்டு மாடு? 2017-இல் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் நின்றவர்களில் நானும் ஒருவன், அதனால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் எதுவுமே கறவை இனம் இல்லை. வண்டிக்கும் ஏருக்கும் உழைப்பதற்கென்று நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தவை. காங்கேயம் பசு ஒரு நாளைக்கு 2, 3 லிட்டர் கொடுக்கும், அதிலும் கன்றுக்கு விட்டது போகத்தான் நமக்கு. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து, ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அழகு தெரியும். அந்த மாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அது மேயும் கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலமும் அங்கே வளரும் கொழுக்கட்டைப் புல்லும் மிஞ்ச வேண்டும், காளைக்கு வேலையும் விலையும் இருக்க வேண்டும். சென்னையில் பாட்டில் பால் வாங்குவதால் அது நடந்துவிடாது.

அப்படியென்றால் அந்த பாட்டிலில் இருப்பது என்ன? நேர்மையான பண்ணையாக இருந்தால் பெரும்பாலும் குஜராத்தின் கிர், இல்லாவிட்டால் பஞ்சாப் பக்கத்துச் சாஹிவால். இரண்டும் அருமையான கறவை இனங்கள், எனக்கு அவற்றின் மேல் மரியாதை உண்டு. புடைத்த நெற்றியும் சுருண்ட இலை மாதிரி தொங்கும் காதும் உள்ள கிர் மாட்டைப் பிரேசில்காரர்கள் கொண்டுபோய், பல தலைமுறை பால் கணக்கு எழுதிப் பொறுக்கியெடுத்து, எச்.எஃப்.போடு சேர்த்து ‘ஜிரோலாண்டோ’ என்ற இனத்தையே உருவாக்கினார்கள். இன்றைக்குப் பிரேசிலில் கறக்கும் பாலில் பெரும்பங்கு அந்த மாடுகளுடையது. நாம் இங்கே கணக்கு எழுதுவதை விட்டுவிட்டு ஃபார்வர்டு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

நாட்டு மாட்டுப் பால் விற்பவர்கள் பெருமையாகச் சொல்லும் ‘ஏ2’ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாலில் உள்ள பீட்டா கேசின் என்ற புரதத்தில் 67-ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் ஏ1-க்கும் ஏ2-க்கும் வித்தியாசம். நாட்டு மாடுகளில் பெரும்பாலும் ஏ2, எருமைப் பாலிலும் அதேதான், ஜெர்சியிலும் ஏ2 மாடுகள் நிறைய உண்டு. ஏ1 பாலால் சர்க்கரை நோயோ இதய நோயோ வருகிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இலேயே ஆராய்ந்து சொல்லிவிட்டது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யும் 2024 ஆகஸ்டில் ஏ1, ஏ2 என்று பாக்கெட்டில் போட வேண்டாம் என்று சொன்னது, சில நாளிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனக்கு அதில் பெரிய வருத்தம்.

ஐ.டி. வேலையை விட்டுவிட்டுச் செங்கல்பட்டு, உத்திரமேரூர் பக்கம் பண்ணை போடும் தம்பிகள் இன்பாக்ஸில் கேட்கிறார்கள், என்ன மாடு வாங்கலாம் என்று. முதல் முறை என்றால் ஜெர்சிக் கலப்பில் இரண்டாம் ஈத்து, அதாவது இரண்டாவது கன்று போட்ட மாடாகப் பாருங்கள். தரகர் சொல்லும் லிட்டர் கணக்கை நம்பாமல் காலை, மாலை இரண்டு வேளையும் கூட நின்று கறக்கச் சொல்லி அளந்து பாருங்கள், நாலு காம்பிலும் பால் வருகிறதா என்று பாருங்கள். கிர்தான் வேண்டும் என்றால் காதையும் நெற்றியையும் பார்த்துப் பணத்தைக் கொட்டாதீர்கள், அதன் தாய் எவ்வளவு கறந்தது என்று கேளுங்கள். கன்று ஊட்டாமல் அது பெரும்பாலும் பால் சுரக்காது, அதற்கும் தயாராக இருங்கள்.

பாட்டில் பால் வாங்குகிறவர்கள் விற்பவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: என்ன இனம், இன்றைக்கு எத்தனை மாடு கறவையில் இருக்கிறது, பிறக்கிற காளைக் கன்றுகளை என்ன செய்கிறீர்கள். பதில் சொல்பவரிடம் தாராளமாக வாங்குங்கள்.