ஜாக் கிர்பியை வெறும் ஓவியர் என்று சொல்லாதீர்கள்

"கதை ஸ்டான் லீ, ஓவியம் ஜாக் கிர்பி" என்று மார்வெல் சூப்பர் ஹீரோ படக்கதைகளைப் பற்றி நண்பர் ஒருவர் நேற்று எழுதியிருந்தார். நல்ல வாசகர் அவர். அவரே இப்படி எழுதியதைப் பார்த்து மனம் ஆறவில்லை.

1960களில் மார்வெல் என்ற அமெரிக்கப் படக்கதை நிறுவனத்தில் வேலை எப்படி நடந்தது தெரியுமா? லீயும் கிர்பியும் கதையைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார்கள். முழுக் கதைவசனம் எழுதி ஓவியர் கையில் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. கிர்பி வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து, இருபது பக்கங்களையும் கட்டம் கட்டமாகப் பென்சிலில் வரைந்து முடிப்பார். யார் எப்போது நுழைகிறார், சண்டை எங்கே திரும்புகிறது, எந்தக் கட்டத்தில் யாரும் பேசாமல் நிற்கிறார்கள், எல்லாம் அவர் தீர்மானம். இவன் ஏன் ஓடுகிறான், அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று பக்கத்தின் ஓரத்தில் குறிப்பும் எழுதி அனுப்புவார். அதைப் பார்த்துத்தான் லீ வசனம் எழுதினார். அந்த வசனத்தின் துள்ளல் முழுக்க லீயுடையது, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் கதையை நடத்திச் சென்றவரை ஓவியர் என்று மட்டும் சொல்வது எந்த ஊர் நியாயம்?

1965இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' என்ற சூப்பர் ஹீரோ தொடரின் 48ஆம் இதழுக்கான பக்கங்கள் லீயிடம் வந்தன. உலகங்களையே விழுங்கும் கலாக்டஸ் வருவதாகத்தான் பேச்சு. பக்கங்களிலோ அலைச்சறுக்குப் பலகையில் நின்றபடி விண்வெளியில் பாய்ந்து வருகிறான் ஒரு வெள்ளி மனிதன். அவனைப் பற்றி இருவரும் பேசியிருக்கவே இல்லை. அவ்வளவு பெரிய ஒருவன் வரும்போது முன்னால் ஒரு தூதன் வர வேண்டும் என்று கிர்பிக்குத் தோன்றியிருக்கிறது, சேர்த்துவிட்டார். இதைச் சொன்னவர் ஸ்டான் லீயேதான்.

அந்தக் காலத்துப் பக்கம் ஒன்றை நெருங்கிப் பாருங்கள். வெடிப்பையும் விண்வெளி ஆற்றலையும் காட்ட கிர்பி போடுவது கறுப்பு வட்டங்கள். பெரிதும் சிறிதுமாக, ஒன்றோடொன்று ஒட்டி, நுரை போலத் திரண்டிருக்கும். நடுவே மை படாமல் விட்ட வெள்ளைத் தாள்தான் கண்ணைக் கூசவைக்கும் ஒளியாகிறது. இன்றைக்கும் சூப்பர் ஹீரோ வரைகிறவர்கள் அந்த வட்டங்களைத்தான் போடுகிறார்கள்.

கைமுஷ்டியையும் பாருங்கள். தாளைக் கிழித்துக்கொண்டு நம் முகத்துக்கு வரும். நியூயார்க்கின் ஏழை யூதக் குடியிருப்பில் 1917இல் பிறந்து, தெருச்சண்டைகளுக்கு நடுவே வளர்ந்தவருக்கு அடி என்றால் என்னவென்று தெரியும். ஜோ சைமனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய கேப்டன் அமெரிக்கா, முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் தாடையில் குத்தினான். அது 1940 டிசம்பர். அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஓராண்டு இருந்தது! பிறகு கிர்பியே சிப்பாயாக 1944இல் பிரான்ஸின் நார்மண்டிப் போர்முனைக்குப் போனார். குளிரில் கால்களை இழக்கும் நிலைக்கு வந்து திரும்பினார்.

1970இல் மார்வெலை விட்டு அதன் போட்டி நிறுவனமான டிசிக்குப் போய், தானே எழுதி, தானே வரைந்து 'நியூ காட்ஸ்' இதழைத் தொடங்கினார். டார்க்சைட் என்ற வில்லன் அந்தக் காலத்துப் படைப்புதான். கதை முடியும் முன்பே 1972இல் அந்த இதழ் நிறுத்தப்பட்டது.

எனக்குத் தாங்க முடியாதது 1980களில் நடந்தது. ஓவியர்களுக்கு அசல் பக்கங்களைத் திருப்பித் தர மார்வெல் முன்வந்தது. மற்றவர்கள் ஒரு பக்கப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் போதும். கிர்பிக்கு மட்டும் நான்கு பக்கப் பத்திரம், நிபந்தனை மேல் நிபந்தனை. அவர் மறுத்தார். சக ஓவியர்களும் எழுத்தாளர்களும் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். 1987இல் கைக்கு வந்தது சுமார் 2,000 பக்கங்கள். அங்கே அவர் வரைந்ததில் அது ஒரு சிறு பங்கு. எழுபது வயது மனிதரை, தன் கையால் வரைந்த தாளுக்காக அப்படி நிற்க வைத்தார்கள்.

1994இல் அவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் தொடர்ந்த உரிமைப் போராட்டம் உச்ச நீதிமன்ற வாசல்வரை போய், 2014 செப்டம்பரில் சமரசத்தில் முடிந்தது. அதன்பிறகு, இருவரும் உருவாக்கிய பாத்திரங்கள் வரும் மார்வெல் இதழ்களில் லீயின் பெயரோடு கிர்பியின் பெயரும் படைப்பாளியாக அச்சாகிறது.

நண்பரே, உங்கள் பதிவிலும் அப்படியே மாற்றிவிடுங்கள். "ஸ்டான் லீ, ஜாக் கிர்பி" என்று ஒரே வரியில், கதை, ஓவியம் என்று பிரிக்காமல்.