கையுறைக்கு ஐந்து விரலும் வேண்டுமே
சென்சர் கையுறை போட்டால் சைகை மொழி அப்படியே பேச்சாகிவிடும் என்று உங்கள் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. புதுக்குடியிருப்பில் இருக்கும் என் மாமா பிறவியிலேயே காது கேளாதவர். 2009இல் போரின்போது செல் (எறிகணை) துண்டு பட்டு வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. மிச்ச மூன்று விரலால்தான் கதைக்கிறார். சந்தையில் மீனைக் காட்டும் கை அசைவு ஒன்றுதான். புருவம் உயர்ந்தால் அது ‘என்ன விலை’, உதடு பிதுங்கினால் ‘விலை கூட’. விரல் மடங்குவதை அளக்கும் சென்சருக்கு இந்த முகம் எப்படித் தெரியும்? 2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களின் கையுறைக்குப் பரிசு கிடைத்தபோதும் இதே குறை சொல்லப்பட்டது. அப்புறம், விரல்களை மடக்கி நீட்டும் முக்கிய தசைகள் முன்கையில்தான் இருக்கின்றன. அங்கே சென்சர் பட்டி ஒன்றைக் கட்டித் தசையின் மின் சமிக்ஞையைப் படிக்கும் முறையும் உண்டு. மாமாவைப் போல விரல் இழந்தவர்களுக்கு அதுதான் பொருந்தக்கூடும், அதைப் பற்றியும் எழுதுங்கள்.