தோப்புக்குள்ள கால் வைக்காம தீர்ப்பு எழுதாதீங்க

ஆனைமலைப் பக்கம் நேத்து நடந்த கூட்டத்தைப் பத்தித்தாங்க. தென்னை வாடல் நோய் இழப்பைக் கணக்கெடுக்கச் சொன்னா, சேட்டிலைட் படத்தைத் திரையில போட்டு "தோப்பு பச்சையாத்தானே இருக்கு"ன்னு முடிச்சுட்டாங்க. படம் பொய் சொல்லலைங்க. அதுக்குத் தெரியாததை அதுகிட்டக் கேட்டிருக்காங்க.

அது சென்டினல்-2ங்கிற ஐரோப்பிய சேட்டிலைட் எடுத்த படம். படத்துல ஒரு கட்டம்னா தரையில 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது சுமாரா ரெண்டரை சென்ட். நம்ம பக்கம் 25 அடிக்கு ஒரு தென்னை. ஒரு கட்டத்துக்குள்ள ஒண்ணே முக்கால் மரம், ஊடால நிக்கிற கோகோ, ஜாதிக்காய், மழைக்கு முளைச்ச புல்லு, எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாத்தான் வரும். அந்த எண் பச்சை இருக்குன்னு சொல்லும். எதோட பச்சைன்னு சொல்லாது. இந்த நோயில மரம் உடனே சாகறதில்லை. ஓலைக் கீத்து துவண்டு விலா எலும்பு மாதிரி உள்வளையும், அப்புறம் மஞ்சளாகும், காய்ப்பு குறைஞ்சுட்டே போகும். மரம் நிக்கும், வருமானம் போயிடும். 786 கிலோமீட்டர் மேல இருந்து குலையை எண்ண முடியாதுங்க.

ரேடார் படம் எடுக்கலாமேம்பாங்க. மேகத்தைத் தாண்டிப் பார்க்கும், சரி. ஈரமும் மரத்தோட அமைப்பும் தெரியும், ஓலை மஞ்சளாறது தெரியாது.

"மரம் மரமாப் பார்க்க ஆளுக்கு எங்க போறது?" மரம் மரமா யாரு பார்க்கச் சொன்னா? பிப்ரவரி, மார்ச்சுல புல்லு காஞ்சிருக்கும், மேகமும் கம்மி. அந்த மாசப் படத்தை முந்தின வருஷங்களோட அதே மாசப் படத்துக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. எண் குறைஞ்ச இடத்துல கொஞ்சம், குறையாத இடத்துலயும் கொஞ்சம் மரங்களை ஜிபிஎஸ்ல குறிச்சுட்டு நேர்ல போங்க. படத்து மேல போட்ட புல எல்லை ஒரு கட்டம் தள்ளி விழுந்திருந்தா பக்கத்துத் தோட்டத்து வாழை நம்ம கணக்குல ஏறிடும், அதையும் சரிபாருங்க. அப்புறம் எழுதுங்க தீர்ப்பு.

அதுக்காக நம்ம சனமே "ராக்கெட் விடற காசுக்கு உரம் குடுத்திருக்கலாம்"னு எழுதறதைப் பார்த்தா மனசு நோகுது. பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடிக்காரர் மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநரா இருந்த சந்திரயான்-1, 2008ல நிலாவைச் சுத்திச் சுத்திப் படம் எடுத்துச்சு. அதோட விட்டாங்களா? நிலா மண்ணு மாதிரி இருக்கணும்னு நாமக்கல் சித்தம்பூண்டிப் பாறையை மண்ணா அரைச்சு, நிலாவுல இறங்கற கலத்தையும் ரோவரையும் அதுல சோதிச்சுப் பார்த்தாங்க. 2023 ஆகஸ்ட் 23 அன்னைக்கு சந்திரயான்-3 இறங்கி, அதோட ரோவர் வண்டி நிலா மண்ணுகிட்டயே கருவியைக் கொண்டுபோய் அளந்துச்சு. தரையில சரிபார்க்கறது இந்தத் தொழிலோட அடிப்படை. தென்னை வெச்சவனுக்கு மட்டும் அது ஏனுங்க வேண்டாம்னு ஆச்சு?