ஒரு வீட்டுக்கு எத்தனை ஆபீஸ்?

குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்டத் தமிழக அரசு பணம் தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். 2030-க்குள் எட்டு லட்சம் வீடு கட்டுவோம் என்று 2024 பட்ஜெட்டில் சொன்னார்கள். கம்பி என்ன விலை, எம்-சாண்ட் லோடு என்ன விலை, இந்தத் தொகை எந்த மூலைக்கு என்று தர்மபுரியில் டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. பத்தாதுதான். ஆனால் நான் பார்த்தவரை வீடு பாதியில் நிற்க அதைவிடப் பெரிய காரணம், ஒரு துறை செய்வது இன்னொரு துறைக்குத் தெரியாமல் இருப்பது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு அக்கா. லிஸ்டில் பெயர் வந்து, பேஸ்மட்டம் போட்டு, லிண்டல் வரை ஏற்றியாச்சு. சென்ட்ரிங் அடிக்கப் போனபோதுதான் மேலே கரண்ட் கம்பி போவது எல்லார் கண்ணிலும் பட்டது. கம்பியை நகர்த்தாமல் கூரை போடக் கூடாது என்றார் வீட்டு வேலையை மேற்பார்க்கும் ஓவர்சியர். நியாயம்தான். நகர்த்தலாம், எஸ்டிமேட் போட்டுத் தருகிறோம், பணத்தை நீங்கள் கட்டுங்கள் என்றது மின்சார ஆபீஸ். அவர்கள் விதிப்படி அதுவும் சரி. கூரை போட்டால்தான் அடுத்த பில், அதாவது அடுத்த தவணைப் பணம். கையில் இருந்ததெல்லாம் செங்கல்லாகிவிட்டது, கம்பிக்குக் கட்ட எங்கே போவார்? மனை எங்கே இருக்கிறது என்று மொபைலில் பதிந்து (ஜியோ டேக்) போட்டோ எடுத்த அன்றைக்கும் அந்தக் கம்பி அங்கேதானே தொங்கிக்கொண்டிருந்தது! லைன்மேனையும் கூட்டிப் போயிருந்தால் நாலடி தள்ளி வாணம் (அஸ்திவாரக் குழி) தோண்டியிருக்கலாம்.

பிரதமர் வீட்டுத் திட்டம் இன்னும் வேடிக்கை. 1.20 லட்சத்தில் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40. கான்கிரீட் கூரைக்கு மாநிலம் தனியாகச் சேர்க்கும். கூலிக்கு ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 90 நாள் சம்பளம், கழிப்பறைக்குத் தூய்மை பாரதத்தில் 12,000 என்றுதான் கணக்கு. எல்லாத் திட்டமும் சேர்ந்து வந்து ஒரு வீடு எழும்பும் என்று விதிமுறையிலேயே எழுதியிருக்கிறார்கள். சேர்த்து வைக்கும் வேலையை மட்டும் வீடு கட்டுகிறவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

பட்டா கதை தனி. வீடு தருவது ஊரக வளர்ச்சித் துறை, பட்டா தருவது வருவாய்த் துறை. அஞ்செட்டி, சித்தேரி மாதிரி மலைக்காட்டுப் பக்கம் போனால் நடுவில் வனத்துறை. ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டவருக்குப் பட்டா கிடையாது, பட்டா இல்லாதவர் பெயர் லிஸ்டில் ஏறாது. இருப்பதிலேயே மோசமான குடிசை பெரும்பாலும் அவருடையதாகத்தான் இருக்கும்.

தண்ணீரைக் கேளுங்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் திறந்தார்கள். ஊருக்கு வெளியே புதிதாக மனை ஒதுக்கி வீடு கட்டும்போது அந்தக் குழாயை அதுவரை நீட்ட வேண்டும் என்று யார் எழுதி அனுப்புவது? நீட்டாவிட்டால் திரும்ப அதே ஃபுளோரைடு கலந்த போர்வெல் தண்ணீர்தான்.

அதிகாரிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு ஓவர்சியர் தலையில் எத்தனை ஊராட்சி என்று கேட்டால் உங்களுக்கே பாவமாக இருக்கும். ஆனால் 'உங்களைத் தேடி, உங்கள் ஊரில்' என்று மாதம் ஒரு புதன்கிழமை கலெக்டரும் எல்லாத் துறைக்காரர்களும் ஒரே தாலுகாவில் வந்து உட்கார முடிகிறதே. அதே கூட்டம் சின்ன அளவில், வாணம் தோண்டுவதற்கு முன்னால் மனையில் நின்றால் போதும். விஏஓ, ஓவர்சியர், லைன்மேன், ஊராட்சிச் செயலர், நாலே பேர், ஒரே தாளில் கையெழுத்து.

அக்டோபர் 2 கிராம சபையில் பயனாளிகள் பட்டியலை வாசிக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் பட்டா, கரண்ட், தண்ணீர் மூன்றும் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.