பொன்னாடை முடிந்து சாயா வந்த பிறகு

போன ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டம் பக்கம் புற்றுநோயாளிகளும் வீட்டுக்காரர்களும் கூடும் ஒரு கூட்டத்துக்கு அம்மாவோடு போயிருந்தேன். களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அலைந்த நாளிலிருந்தே இந்தக் கூட்டங்களுக்குப் போகிறோம். அந்த உரிமையில் கொஞ்சம் திட்டுகிறேன்.

பத்து மணி என்றார்கள். சிறப்பு விருந்தினர் வந்தது பதினொன்றேகாலுக்கு. பிறகு பொன்னாடை, வாழ்த்துரை. அம்மாவையும் மேடையேற்றி "நோயை வென்றவர்" என்றார்கள். "மனசுல தைரியம் இருந்தா இந்த நோய் ஓடிப்போயிரும்" என்றார் ஒருவர். கைதட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த மாமி என் காதில் கேட்டார்: "அப்போ எங்க வீட்டுக்காரரு தைரியம் இல்லாமத்தான் போனாரா மக்களே?"

கூடிப் பேசினால் ஆயுளே கூடும் என்றும் ஒரு பேச்சாளர் சொன்னார். அது அவர் கட்டிவிட்ட கதை இல்லை. 1989-ல் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், குழுவாகக் கூடிப் பேசியவர்கள் கூடுதல் காலம் இருந்ததாக எழுதினார். 2001-ல் கனடாவில் 235 பெண்களிடம் மறுபடி பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. ஆனால் ரொம்ப நொந்துபோய் வந்தவர்களுக்கு மனக்கஷ்டமும் வலியும் குறைந்திருந்தன. எனக்கு அது போதும். அதை மட்டும் சொல்லிக் கூப்பிட்டாலே ஜனம் வரும்.

வருவதும் அதற்குத்தான். சாயா இடைவேளையில் பாருங்கள். ஆபரேஷனில் அக்குள் நெறிக்கட்டியை எடுத்த பக்கம் கை வீங்கினால் என்ன செய்ய, பிரஷர் பார்க்க எந்தக் கையை நீட்டக் கூடாது, கீமோ முடிந்த மூன்றாம் நாள் எது தொண்டையில் இறங்கும்... இதெல்லாம் அங்கேதான் கைமாறும். முடி கொட்டிய சமயத்தில் என் முன்னால்கூட எடுக்காத தலைத்துணியை அம்மா முதலில் எடுத்தது இப்படி ஒரு சாயா நேரத்தில், நாலு பெண்களுக்கு நடுவில். எனக்கு அன்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் அதே இடைவேளையில், கதிர்வீச்சில் வாயெல்லாம் புண்ணாகிக் கிடந்த ஒரு அண்ணனுக்கும் கொதிக்கிற சாயாவும் மிக்சரும்தான் கொடுத்தார்கள். தட்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

எழுந்து வர முடியாதவர்கள்? கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் வலி தணிக்கும் சிகிச்சைக்கு ஒரு அமைப்பு தொடங்கினார்கள். அது வளர்ந்து, அக்கம்பக்கத்து ஜனமே படுக்கையில் கிடப்பவரின் வீடு தேடிப் போகிற பழக்கமானது. 2008-ல் கேரள அரசு அதற்கென்று கொள்கையே வகுத்தது. குணமானவர், ஆகாதவர் என்று அங்கே பார்ப்பதில்லை. ஏத்தங்காய் சிப்ஸ் எல்லை தாண்டி வருகிறது, இது வர என்ன தடை?

அடுத்த மாதம் கூட்டம் நடத்துகிறவர்களே, மைக்கை அரைமணி நேரத்தில் அணையுங்கள். ஆறின கஞ்சி ஒரு பாத்திரம் வையுங்கள். ஆள் போனபிறகும் வருகிற வீட்டுக்காரர்களையும் ரெண்டு வார்த்தை பேசவிடுங்கள்.

பஸ் ஏறும்போது மாமியிடம் அடுத்த தடவை வருவீர்களா என்று கேட்டேன்.

"சாயா நேரத்துக்கு வாறேன்" என்றார்.